அப்பச்சி கொண்டுவந்த ஐபிஎம் கீபோர்டு: வைத்துக்கொள்வதா, விற்பதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். கானாடுகாத்தான் வீட்டை ஒழுங்கு செய்யும்போது, உங்கள் அப்பச்சி 80-களின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஐபிஎம் கீபோர்டு ஒன்று கிடைத்திருக்கிறது. காரைக்குடிப் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உடனே விலை பேசுகிறார். இணையத்தில் தேடினால் உலகம் முழுக்க இதற்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது. சில நூறு ரூபாய்க்குப் புது கீபோர்டு கிடைக்கிற காலத்தில் இதில் அப்படி என்ன இருக்கிறது, வெறும் பழமை மோகம்தானா, லேப்டாப்பில் போட்டால் வேலை செய்யுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள். ஆனால் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: இதன் மதிப்பு அந்தப் பொருளிலேயே இருக்கிறதா, அல்லது அப்பச்சியின் நினைவினால் நமக்கு அப்படித் தோன்றுகிறதா?

காரைக்குடியில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்தி, அதே இடத்தில் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும்) வேலையும் கீபோர்டு சர்வீசும் பார்த்து வருகிறவன் நான். என் மேசைக்கு அதிகம் வருவது டிவிஎஸ் கோல்டு. அதற்கு அடுத்து ஐபிஎம், செர்ரி. ஆல்ப்ஸ் சுவிட்சு போட்ட பழைய ஆப்பிள் கீபோர்டுகளை அபூர்வமாகத்தான் தொட்டிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

நீங்கள் போட்ட படத்தில் மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை, நடுவில் தனி அம்புக்குறிகள், வலது பக்கம் நம்பர் பேடு என்று 101 கீ தெரிகிறது. ஐபிஎம் 1985-ல் கொண்டுவந்த மாடல் எம் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் எந்தப் பெரிய கீபோர்டும் ஏறக்குறைய இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகிறது. ஒரே ஒரு சோதனை மட்டும் செய்யுங்கள். ஏதாவது ஒரு கீகேப்பை, அதாவது எழுத்து இருக்கும் மேல் மூடியை, மெதுவாக மேலே இழுத்துக் கழற்றிப் பாருங்கள். குழாய்க்குள் மெல்லிய ஸ்பிரிங் ஒன்று நின்றால் நாம் பேசப்போகும் வகைதான். ரப்பர் தெரிந்தால் மாடல் எம் பெயரிலேயே வந்த வேறு வகை. அதற்கு நான் கீழே சொல்வது பொருந்தாது.

அந்த ஸ்பிரிங்தான் முழுக் கதையும். அதன் கால் அடியில் உள்ள ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியலின் மேல் பொருந்தியிருக்கும். விரல் அழுத்த அழுத்த ஸ்பிரிங் சுருங்கும், லேசாக ஒரு பக்கம் வளையும். ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க முடியாமல் சட்டென்று பக்கவாட்டில் மடங்கிவிடும். மடங்குகிற வேகத்தில் அடியில் இருக்கிற சுத்தியலைச் சாய்க்கும், சுத்தியல் கீழே இருக்கும், மின்கோடுகள் பதித்த மெம்பிரேன் தாளைத் தட்டும், எழுத்து பதிவாகும். நமக்குக் கேட்கும் 'டக்' சத்தம், மடங்கிய ஸ்பிரிங் குழாயின் சுவரில் மோதும் சத்தம். இதில் கவனிக்க வேண்டியது, விரலுக்குத் தெரியும் அந்த விடுபடல், காதுக்குக் கேட்கும் சத்தம், கம்ப்யூட்டருக்குப் போகும் எழுத்து, மூன்றும் ஒரே நிகழ்ச்சியிலிருந்து பிறக்கின்றன. சத்தத்துக்கென்று தனியாக எதையும் வைக்கவில்லை. இதைக் கண்டுபிடித்தவர் ஐபிஎம்மில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஹன்டர் ஹாரிஸ். காப்புரிமைகள் 1970-களைச் சேர்ந்தவை.

இப்போது உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு வந்த கீபோர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ். அழுத்தினால் முதலில் குமிழ் அமுங்கும், அந்த உணர்வு மேலேயே வந்துவிடும். எழுத்து பதிவாவது குமிழ் முழுக்க உட்கார்ந்து அடியில் தொட்ட பிறகுதான். அதாவது 'அழுத்திவிட்டோம்' என்று விரல் நினைக்கும் இடம் வேறு, உண்மையில் எழுத்து விழும் இடம் வேறு. அதனால் எல்லாரும் பாதுகாப்புக்காக அடிவரை குத்துகிறோம். குமிழ் பழசாகப் பழசாக ஒவ்வொரு கீயும் ஒவ்வொரு மாதிரி அமுங்கும். விரலுக்கு நம்பிக்கை போய்விடும். கண் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பிக்கும். பார்க்காமல் அடிக்கக் கற்றவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். பழைய இரும்புப் பெட்டகத்தில் சாவி திரும்பிப் பூட்டு விழுவது கைக்கே தெரியுமல்லவா, இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் கீபோர்டு விரலுக்குத் தருவது அந்தத் தெளிவைத்தான். இது ரசனை சார்ந்த விஷயம் இல்லை, கழற்றிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் அமைப்பு. உங்கள் முதல் கேள்விக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய பதில் இதுதான்.

அப்படியானால் ஏன் எல்லாரும் இதையே தொடர்ந்து செய்யவில்லை? காரணம் பணம். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது ஆரம்ப விலையே 1,565 டாலர். அந்த விலையில் கீபோர்டுக்குத் தாராளமாகச் செலவு செய்ய இடம் இருந்தது. அதோடு, வாங்குகிறவர்கள் யார்? 1961-ல் வந்த செலக்ட்ரிக் மின் தட்டச்சில் கை பழகிய வங்கி எழுத்தர்களும் ஆபீஸ் டைப்பிஸ்டுகளும். அவர்கள் கைக்கு ஒத்துவராத கீபோர்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே விலைபோகாது. முதல் பிசியோடு வந்தது மாடல் எஃப். அதே மடங்கும் ஸ்பிரிங்தான், ஆனால் அடியில் மெம்பிரேன் கிடையாது. சுத்தியல் சர்க்யூட் போர்டின் மேல் அசையும்போது மின்தேக்கத்தில் வரும் மாற்றத்தைக் கண்டு எழுத்து பதிவாகும். இன்னும் மென்மையானது, இன்னும் உறுதியானது, செய்யச் செலவும் கூட. 83 கீ கொண்ட அந்த முதல் அமைப்பில் இடது ஷிப்டுக்கும் இசட்டுக்கும் நடுவே வேறொரு கீயைக் கொண்டுபோய்ச் சொருகியிருந்தார்கள். டைப்பிஸ்டுகள் திட்டித் தீர்த்தார்கள். மாடல் எம்மில் அமைப்பைத் திருத்தினார்கள், உள்ளே மெம்பிரேன் போட்டுச் செலவையும் குறைத்தார்கள். ஆக உங்களிடம் இருப்பதே ஒருவகையில் சிக்கனம் பார்த்துச் செய்த பொருள்தான், அது இவ்வளவு நன்றாக இருக்கிறது! பிறகு கம்ப்யூட்டர் விலை விழ விழ கீபோர்டுக்கு ஒதுக்கும் காசும் விழுந்தது, ரப்பர் வந்து உட்கார்ந்தது. ஐபிஎம் 1991-ல் அந்தப் பிரிவை லெக்ஸ்மார்க் என்று தனியாகப் பிரித்துவிட்டது. 1996-ல் லெக்ஸ்மார்க்கும் கைவிட, யூனிகாம்ப் என்ற சிறிய நிறுவனம் அந்த அச்சுகளையும் இயந்திரங்களையும் வாங்கி, அமெரிக்காவின் கென்டக்கியில் இன்றைக்கும் அதே ஸ்பிரிங் கீபோர்டைச் செய்து விற்கிறது.

நம் ஊரில் இது ஏன் அபூர்வம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஐபிஎம் 1978-ல் இந்தியாவை விட்டுப் போனது. 1992-ல்தான் டாட்டாவோடு சேர்ந்து திரும்பியது. மாடல் எம்மின் பொற்காலம் முழுக்க அந்த இடைவெளியில் அடங்கிவிடுகிறது. இங்கே அப்போது ஓடியவை பெரும்பாலும் எச்சிஎல், விப்ரோ போன்ற உள்நாட்டுக் கம்ப்யூட்டர்கள். ஆகவே செட்டிநாட்டில் ஒரு மாடல் எம் கிடைத்தால், சிங்கப்பூர், மலேசியா என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் பெட்டியோடு கொண்டுவந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பச்சி கொண்டுவந்ததும் அப்படித்தான்.

நம் ஆட்களுக்கு மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் டிவிஎஸ் கோல்டுதான். வங்கி கவுண்டர், மருந்துக் கடை, பத்திரம் எழுதும் இடம், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர் என்று எங்கே போனாலும் அந்தச் சடசடப்பு கேட்டிருக்கும். பழைய கோல்டுகளுக்குள் இருந்தது ஜெர்மன் கம்பெனியான செர்ரியின் எம்எக்ஸ் நீல சுவிட்சு. இது வேறு வழியில் வேலை செய்கிறது. ஒவ்வொரு கீக்கும் தனிப் பெட்டி, உள்ளே ஒரு ஸ்பிரிங், இரண்டு உலோகத் தகடுகள், சத்தத்துக்கென்றே ஒரு சின்ன வெள்ளை வளையம். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், 2.2 மில்லிமீட்டர் வாக்கில் எழுத்து விழும். அடிவரை போக வேண்டியதில்லை என்பதால் கை பழகியவர்கள் மேலோட்டமாகவே ஓட்டிக்கொண்டு போவார்கள். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. நீல சுவிட்சில் எழுத்து விழும் இடமும், கீ மறுபடி தயாராகும் இடமும் ஒன்றல்ல, கொஞ்சம் மேலே வந்தால்தான் அடுத்த எழுத்துக்குத் தயாராகும். ஒரே எழுத்தை அடுத்தடுத்து வேகமாக அடிக்கும்போது இது விரலுக்குத் தெரியும். ஐபிஎம் ஸ்பிரிங்கில் எனக்கு அந்த உறுத்தல் இல்லை. என் கைக்கு ஐபிஎம்தான் ஒரு படி மேலே. எங்கள் கடையில் ராப்பகலாக வேலை வாங்கியது கோல்டைத்தான், அதன் மேலும் எனக்கு மரியாதை குறைந்ததில்லை.

இந்தப் பழைய கீபோர்டுகளின் இன்னொரு பலம், இவற்றைத் திறக்கலாம், சரி செய்யலாம். மாடல் எம்மின் பின்பக்கம் நான்கு திருகுகள் இருக்கும். 5.5 மில்லிமீட்டர் அறுகோணத் தலை, ஆழத்தில் இருப்பதால் மெல்லிய குழாய் ஸ்பேனர் வேண்டும். மேல் மூடியைத் தூக்கினால் வளைந்த இரும்புத் தகடு ஒன்று வரும். கீபோர்டின் எடை இரண்டு கிலோவைத் தாண்டுவது அதனால்தான். அந்தத் தகட்டுக்கு மேலே மெம்பிரேன் தாள்கள், அதன் மேல் மெல்லிய ரப்பர் விரிப்பு, அதன் மேல் சுத்தியலும் ஸ்பிரிங்கும் நிற்கும் குழாய்ச் சட்டம். இவற்றையெல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருப்பது, சட்டத்திலிருந்து தகட்டின் ஓட்டைகள் வழியே வெளியே வந்து உருக்கிவிடப்பட்ட சின்னச் சின்ன பிளாஸ்டிக் மொட்டுகள். மாடல் எம்மின் பலவீனம் அந்த மொட்டுகள்தான். வருஷங்கள் போகப் போக பிளாஸ்டிக் நொறுங்கி ஒவ்வொன்றாகத் தெறித்துவிடும். கீபோர்டை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே மணல் போல ஏதாவது உருண்டால் அவை உதிர்ந்த மொட்டுத் தலைகள். நாலைந்து போனால் பாதகமில்லை. ஒரு பகுதியில் வரிசையாகப் போய்விட்டால் தகடு இளகி, அங்கே உள்ள கீகள் சத்தம் மாறி, சோர்ந்து அடிக்கும். அப்போது முழுவதையும் பிரித்து, மொட்டுகளைச் சீவி, துளை போட்டு, எம்2 அளவு திருகும் நட்டும் போட்டு முடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் பிடிக்கும் வேலை. பொறுமை இல்லாதவரிடம் இதைக் கொடுக்காதீர்கள்.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று ஒரு தனித் தொந்தரவு உண்டு. முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டில் கிடந்த கீபோர்டு என்றால் உள்ளே செம்மண் புழுதி மாவு போல இறங்கியிருக்கும். ஒயர் செருகும் துளை வழியாகக் குளவி உள்ளே போய் மண்கூடு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஈரத் துணியால் துடைத்தால் அந்தப் புழுதி சேறாகி ஸ்பிரிங் குழாய்க்குள் போய்விடும். முதலில் கவிழ்த்துத் தட்டுங்கள், காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளுங்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கீகேப்புகளை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, நிழலில் ஒரு நாள் காய வையுங்கள். நல்ல வெயில் அடிக்கிறதே என்று முற்றத்தில் போட்டுவிட வேண்டாம். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், ஏபிஎஸ் பிளாஸ்டிக் கரைந்துவிடும். உள்பாகத்தைத் தண்ணீரில் முக்கவே கூடாது. மெம்பிரேன் தாள்களுக்கு நடுவே ஈரம் தங்கினால் உள்ளே உள்ள மின்கோடுகள் அரித்துப்போகும். அதன் பிறகு தாளையே மாற்ற வேண்டியதுதான்.

கழுவிய கீகேப்புகளைப் பார்த்தால் ஒன்று கவனிப்பீர்கள். எழுத்து அழிந்திருக்காது, மேற்பரப்பும் எண்ணெய் தடவியது போல மினுமினுக்காது. இந்தக் கீகேப்புகள் பிபிடி என்ற கெட்டியான பிளாஸ்டிக். எழுத்தை மேலே அச்சடிக்கவில்லை, சூடேற்றிச் சாயத்தை பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறக்கியிருக்கிறார்கள். முப்பது முப்பத்தைந்து வருஷம் கழித்தும் எழுத்து நிற்பதற்கு அதுதான் காரணம். சில கீபோர்டுகளில் மற்ற கீகேப் வெளுப்பாக இருக்க, ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளாகியிருக்கும். அது ஏபிஎஸ்ஸால் செய்ததாக இருக்கும். அந்த மஞ்சளை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். வெளுக்கிறது என்பது உண்மை. ஏன் மஞ்சளாகிறது, வெளுத்தது எத்தனை நாள் நிற்கும் என்பதில் ஆளுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. சில வருஷத்தில் மறுபடி மஞ்சளானவற்றையும் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் மஞ்சளை அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய செர்ரி கீபோர்டு வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், தமிழில் அடிக்கிறவர்களுக்கு மட்டும் வரும் ஒரு வில்லங்கத்தைச் சொல்லியாக வேண்டும். செர்ரி சுவிட்சில் உலோகத் தகடு தகட்டைத் தொட்டுத்தான் எழுத்து விழுகிறது. தூசியோ களிம்போ ஏறினால் ஒரு தடவை அழுத்தியது இரண்டு தடவை பதிவாகும். ஆங்கிலத்தில் இது நடந்தால் எழுத்து இரட்டித்து நிற்கும், யாருக்கும் உடனே கண்ணில் படும். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையில் அப்படி இல்லை. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்துவிடும். அது வசதிக்காக வைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் க எழுத்தின் சுவிட்சு கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 'மகள்' என்று அடித்தது 'மக்கள்' என்று வரும். ட கெட்டால் 'கடை' 'கட்டை' ஆகும், த கெட்டால் 'பாதி' 'பாத்தி' ஆகும். எல்லாமே சரியான தமிழ்ச் சொற்கள், பிழைதிருத்தியும் ஒன்றும் சொல்லாது. கல்யாணப் பத்திரிகை புரூஃபில் இதைப் பிடிக்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்கள்தான். கீபோர்டு இரட்டிக்கிறது என்று சந்தேகம் வந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒவ்வொரு கீயையும் நிதானமாகப் பலமுறை அழுத்திப் பாருங்கள். கெட்ட சுவிட்சை மட்டும் ஈயம் உருக்கி எடுத்துவிட்டுப் புதியது வைத்துவிடலாம், இரண்டே கால்தான் போர்டில் பற்றவைத்திருக்கும். செர்ரியின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகி, சீனாவில் பல கம்பெனிகள் அதே அளவில் சுவிட்சு செய்வதால் உதிரி பாகத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கீ போனால் அந்தக் கீயை மட்டும் மாற்றலாம் என்பது ரப்பர் கீபோர்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

இனி, சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டியவை. இப்படிப்பட்ட கீபோர்டில் வேகம் கூடும் என்று பலர் எழுதுகிறார்கள். இன்ஸ்டிடியூட்டில் டைப்பிங் பரீட்சைக்கு, லோயருக்கு நிமிஷத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல் என்று பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். வேகம் வந்தது ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று வரிவரியாக அடித்த பயிற்சியில், இயந்திரத்தின் கம்பெனிப் பெயரில் இல்லை. நல்ல கீபோர்டில் தப்பு குறைகிறது, திரும்பிப் போய் அழிக்கும் வேலை குறைகிறது என்பது என் அனுபவம். எல்லாருக்கும் அப்படியே ஆகும் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. மணிக்கட்டு வலி போய்விடும் என்பதும் அப்படித்தான். மாடல் எம்மின் கீ சற்றுக் கனமானது. மெல்லிய லேப்டாப் கீயில் பழகிய விரலுக்கு முதல் வாரம் அலுப்புத் தட்டும். கீபோர்டின் முன்பக்க உயரமும் அதிகம், மேசை உயரமாக இருந்தால் மணிக்கட்டு பின்னால் மடியும். வலி இருக்கிறவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். கீபோர்டு ரிப்பேர்காரன் அதற்கு மருந்து சொல்லக் கூடாது. விளையாட்டுக்கு இது ஆகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மெம்பிரேனின் கட்டமைப்பினால் சில கீகளை மூன்றாகச் சேர்த்து அழுத்தினால் ஒன்று பதிவாகாது.

சத்தத்தைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். இது சத்தமான கீபோர்டு. ஆத்தங்குடிக் கல் பாவிய வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், உயரமான கூரைக்குக் கீழே உட்கார்ந்து அடித்தால் இரண்டாம் கட்டு வரை கேட்கும். ராத்திரி வேலை பார்க்கிறவர் என்றால் வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடு ஆபீசில் வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பழமை மோகமா என்று கேட்டீர்களே, அதற்கும் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் இருக்கிறது. ரெமிங்டனிலும் கோத்ரெஜிலும் கை பழகியவர்களுக்கு 'டக்' என்று கேட்டால்தான் எழுத்து விழுந்த திருப்தி. என் தலைமுறை ஆட்கள் இந்தக் கீபோர்டைத் தொட்டவுடன் முகம் மலர்வதில் இளமைக்கால நினைவுக்கும் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்தால், டைப்ரைட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத பிள்ளைகளுக்கு இது பிடிக்கக் கூடாது. கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரு பத்தி அடித்துப் பார் என்று கொடுத்தால் பாதிப் பேர் சத்தத்துக்கு முகம் சுளிக்கிறார்கள், மீதிப் பேர் எழுந்திருக்க மனசில்லாமல் அடுத்த பத்தியையும் அடிக்கிறார்கள். அந்த மீதிப் பேருக்கு எந்த நினைவும் கிடையாது. அவர்கள் விரலுக்குக் கிடைத்த தெளிவுதான் அவர்களை உட்கார வைத்திருக்கிறது. நினைவு வந்து சேர்ந்துகொள்வது இருக்கட்டும், அடிப்படை ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் லேப்டாப்பில் இணைக்கும் விஷயம். ஒயரின் முனையைப் பாருங்கள். பெரிய வட்டத்தில் 5 முள் இருந்தால் ஏடி காலத்து இணைப்பு, சின்ன வட்டத்தில் 6 முள் இருந்தால் பிஎஸ்/2. இரண்டும் பேசுகிற மொழி ஒன்றுதான், முனைதான் வேறு. 1981-ல் வந்த 83 கீ மாடல் எஃப் அதே பெரிய முனையோடு இருந்தாலும் வேறு மொழி பேசும், அதற்குத் தனி கன்வெர்ட்டர் வேண்டும். முனை டெலிபோன் பின் போல இருந்தால் அது பெரிய கம்ப்யூட்டரோடு இணைக்கும் டெர்மினலின் கீபோர்டு, கதை வேறு, படம் அனுப்புங்கள். உங்களுடையது பிஎஸ்/2-வாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கடையில் கிடைக்கும் சின்ன பச்சை, ஊதா நிற மாற்று முனையை வாங்காதீர்கள். அது வெறும் ஒயரை மாற்றி இணைப்பது, யுஎஸ்பி மொழியும் தெரிந்த புது கீபோர்டுக்கு மட்டும்தான் உதவும். உள்ளே சிப் இருக்கிற யுஎஸ்பி கன்வெர்ட்டராகக் கேட்டு வாங்குங்கள். பழைய கீபோர்டுகள் மின்சாரம் கொஞ்சம் அதிகம் இழுக்கும், மலிவான சில கன்வெர்ட்டர்கள் அதைத் தாங்காமல் விட்டுவிட்டு வேலை செய்யும். ஒன்றில் ஓடவில்லை என்பதற்காகக் கீபோர்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல் இன்னொன்றில் போட்டுப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் நேராகச் செருகுவதாக இருந்தால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் செருகுங்கள். பிஎஸ்/2 ஓடும்போது சொருகிக் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இதில் விண்டோஸ் கீ கிடையாது. கண்ட்ரோலையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் ஸ்டார்ட் மெனு வந்துவிடும். அடிக்கடி வேண்டும் என்றால், அதிகம் பயன்படாத கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கீயாக மாற்றிக்கொள்ளச் சிறிய மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்99, பழைய தட்டச்சு முறை, ஆங்கில ஒலிப்பு முறை எதுவானாலும் கம்ப்யூட்டருக்குள் நடப்பது, கீபோர்டு எந்தக் காலத்தது என்பது அதற்குப் பொருட்டில்லை.

விலையைப் பற்றி, கையில் எடுத்துப் பார்க்காமல் தொகை சொல்வது முறையல்ல, சொல்லவும் மாட்டேன். பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் பார்ட் நம்பரும் தயாரித்த தேதியும் இருக்கும், அதை முதலில் படம் எடுங்கள். அதிகம் புழங்கியது 1391401 என்ற எண். அதுவாக இருந்தால் உலகச் சந்தையில் அரிய பொருள் இல்லை, ஆனால் நன்றாக ஓடினால் வாங்க ஆள் எப்போதும் உண்டு. பழம்பொருள் கடைக்காரர் இதை எனாமல் பாத்திரம், பர்மா தேக்கு ஜன்னல் வரிசையில் வைத்து விலை சொல்கிறார். அவர் பார்ப்பது வயதை. கீபோர்டு தேடுகிறவர்கள் பார்ப்பது எத்தனை மொட்டு உடைந்திருக்கிறது, எல்லாக் கீயும் அடிக்கிறதா, ஒயர் இருக்கிறதா என்பதை. ஆகவே விற்பதானாலும் சோதிக்காமல் விற்காதீர்கள். என் யோசனை, விற்க வேண்டாம். தினமும் நாலு பக்கம் அடிக்கிறவராக இருந்தால் இதைவிட நல்ல கீபோர்டை, இதை விற்றுக் கிடைக்கும் பணத்துக்கு நீங்கள் புதிதாக வாங்க முடியாது.

ஒரு கீ மட்டும் சத்தமில்லாமல் செத்தாற்போல் அமுங்கினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் கீகேப்பை மாட்டும்போது ஸ்பிரிங் உள்ளே சரியாக உட்காராததுதான் காரணம். கீபோர்டைச் செங்குத்தாக, ஸ்பேஸ் பார் மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கீகேப்பைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால் திறக்க வேண்டாம், பின்பக்க லேபிள் படத்தையும் ஒயர் முனையின் படத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.